கொருக்குப்பேட்டையில் காணாமல் போன இணைக்கொம்பு

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பார்சல் லேபிளுக்காக ஒரு வெப் பக்கம் செய்து வாங்கினேன். ஏரியா பெயருக்கு 15 எழுத்து வரை இடம். தண்டையார்பேட்டை சரியாக வருகிறது. கொருக்குப்பேட்டை மட்டும் ‘கொருக்குப்பேட்ட’ என்று நிற்கிறது. தமிழ் ஃபான்ட் பேக்கேஜ் போட்டால் சரியாகும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் செய்து கொடுத்தவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஃபான்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நமக்கு இரண்டு பெயரும் எட்டு எழுத்துதான். ஆனால் வெப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி ‘டை’யை ஒன்றாக எண்ணாது, ‘ட’ ஒன்று, இணைக்கொம்பு (ை) ஒன்று. புள்ளிக்கும் தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் தண்டையார்பேட்டை 15, கொருக்குப்பேட்டை 16. பதினைந்தோடு வெட்டினால் கடைசிக் கொம்பு போகத்தானே செய்யும்? எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் ஏறி இத்தனை வருஷம் ஆகியும், ஃபார்ம் செய்கிறவர்கள் இங்கிலீஷ் பெயரை மட்டும் அடித்துப் பார்த்து ஓகே சொல்லிவிடுகிறார்கள்.

அவரிடம் ‘இன்ட்ல் செக்மென்டர்’ (Intl.Segmenter) என்ற எழுத்துப் பிரிக்கும் கருவியை வைத்து எழுத்தை எண்ணி வெட்டச் சொல்லுங்கள். பிரவுசரிலேயே இருக்கிறது, காசு கிடையாது. ஃபயர்பாக்ஸில் மட்டும் 2024-இல்தான் வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் அதற்கு முந்தையது இருந்தால் அப்டேட் செய்துவிடுங்கள். பெயர் அடிக்கும் பெட்டியில் ‘மேக்ஸ்லெங்த்’ (maxlength) என்ற நீள வரம்பு போட்டிருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் இதே தப்புக் கணக்குதான்.

‘ஃபான்ட் பேக்கேஜ்’ என்ற பெயரில் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அதில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து. தமிழ் வேஷம் மட்டும். லேபிள் அழகாக வரும். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்புறம் அதை மாற்றித் தருகிறேன் என்று அதே ஆள் இன்னொரு பில்லோடு வருவார்.

ஒரு விதிவிலக்கு: ஸ்ரீ. செக்மென்டரும் இதை ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகத்தான் பிரிக்கும். எல்லை நடுவில் விழுந்தால் ‘ஸ்’ மட்டும் தொங்கும். போதாததற்கு, 2005-இல் யூனிகோடில் ‘ஶ’ என்று தனி எழுத்து வந்தது. அதை வைத்து அடித்த ஶ்ரீயும் பெரும்பாலான ஃபான்ட்டில் அதே உருவம்தான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடும்போதோ ஸ்ரீதர் வேறு ஆள், ஶ்ரீதர் வேறு ஆள். ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் ‘நார்மலைஸ்’ போட்டாலும் இவை ஒன்றாகாது. பெயரைச் சேமிக்கும் முன்பே ஒரு வடிவத்தை இன்னொன்றாக ‘ரீப்ளேஸ் ஆல்’ மூலம் மாற்றச் சொல்லுங்கள். வெறும் ‘ரீப்ளேஸ்’ என்றால் முதலில் வருவதை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும்.

முடிந்ததும் கொருக்குப்பேட்டை, ஸ்ரீதர் இரண்டையும் நீங்களே அடித்துப் பார்த்துவிட்டு, பக்கம் செய்ததற்கு மீதிப் பணம் இருந்தால் கொடுங்கள்.