ஷெல் திறந்ததும் டிமக்ஸ்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: உபுண்டுவில் பாஷ் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்) வைத்திருக்கிறேன். டெர்மினலைத் திறந்தாலே டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்டும் நிரல்) வர வேண்டும். பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் டிமக்ஸ் என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

பதில்: போதாது. டிமக்ஸ் திறக்கிற ஒவ்வொரு பேனிலும் (திரையின் ஒரு பகுதி) ஒரு புது ஷெல் ஓடும். அதுவும் இதே கோப்பைப் படித்து மறுபடி டிமக்ஸைக் கூப்பிடும். ஒன்றுக்குள் ஒன்று திறப்பதா என்று டிமக்ஸ் பேனுக்குப் பேன் எச்சரிக்கை போடும். உள்ளே ஓடும் ஷெல்களுக்கெல்லாம் டிமக்ஸ் தன் பெயரிலேயே, முழுக்கப் பெரிய எழுத்தில், ஒரு சூழல் மாறியை (ஷெல்லும் நிரல்களும் பார்க்கக்கூடிய பெயரிட்ட மதிப்பு) வைக்கிறது. அது காலியாக இருந்தால் மட்டும் தொடங்கு என்று நிபந்தனை போடுங்கள்.

கட்டளைக்கு நியூ-செஷன், அதோடு பெரிய ஏ, சின்ன எஸ், ஒரு பெயர். பெரிய ஏ இருந்தால், அந்தப் பெயரில் செஷன் (டிமக்ஸ் விண்டோக்களின் தொகுப்பு) ஏற்கெனவே இருக்கும்போது அதிலேயே சேர்ந்துகொள்ளும். இல்லையென்றால் புதிதாகத் திறக்கும்.

இன்னொன்று, உபுண்டு தரும் பாஷ்ஆர்சியின் தலையிலேயே 'இன்டராக்டிவ் ஷெல் (ஆள் உட்கார்ந்து கட்டளை அடிக்கும் ஷெல்) இல்லையென்றால் திரும்பிப் போ' என்று சில வரிகள் இருக்கும். உங்கள் வரி அதற்குக் கீழேதான் வர வேண்டும். ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) மாதிரி ஆட்கள் எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) வழியாக வரும்போது டிமக்ஸ் குறுக்கே நிற்கக் கூடாது.

கேள்வி: டிமக்ஸ் கட்டளைக்கு முன்னால் எக்ஸெக் சேர்க்கச் சொல்கிறார்களே, அண்ணா?

பதில்: சொந்த லேப்டாப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வரில் வேண்டவே வேண்டாம். எக்ஸெக் போட்டால் ஷெல் இருந்த இடத்தில் டிமக்ஸ் உட்கார்ந்துவிடும், அது விழுந்தால் கீழே தாங்க ஷெல் கிடையாது. கிட்டி டெர்மினலிலிருந்து ஒரு பழைய சர்வருக்குப் போகிறீர்கள், அங்கே கிட்டிக்கான டெர்ம்இன்ஃபோ (டெர்மினலின் திறன்களைச் சொல்லும் கோப்பு) இல்லை என்று வையுங்கள். இந்த டெர்மினல் தெரியாது என்று டிமக்ஸ் வெளியேறும், கையோடு கனெக்‌ஷனும் அறுந்துவிடும். மாட்டிக்கொண்டால் எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் சின்ன டி (டெர்மினலின் முதல் எழுத்து) கொடுத்து, சர்வர் பெயருக்குப் பின்னால் பாஷ், மைனஸ் மைனஸ் நோஆர்சி என்று போட்டு உள்ளே போய்த் திருத்துங்கள். எக்ஸெக் இல்லாவிட்டால் வெளியே வர இன்னொரு எக்ஸிட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம்.

கேள்வி: எக்ஸெக் போட்ட பிறகு விஎஸ் கோட் (நிரல் எழுதும் எடிட்டர்) திறக்கும்போது, ஷெல் சூழலை எடுக்க முடியவில்லை என்கிறது.

பதில்: மெனுவிலிருந்து திறந்தால், சூழல் மாறிகளை அறிய அது பின்னணியில் ஒரு ஷெல்லை ஓட்டிப் பார்க்கும். அதுவும் இன்டராக்டிவ் ஷெல்தான், அதனால் மேலே சொன்ன தடுப்பில் சிக்காது. விஎஸ்கோட் ரிசால்விங் என்விரான்மென்ட் என்ற மாறியை (நடுவில் அண்டர்ஸ்கோர்) அப்போது அது வைக்கும். அது இருந்தால் டிமக்ஸைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு டெர்மினல் திறந்தால் இரண்டிலும் ஒரே திரை ஓடுகிறது!

பதில்: ஒரே செஷனில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன, அப்படித்தான் இருக்கும். இரண்டாவதை நியூ-செஷனோடு சின்ன டி (இதுவும் டெர்மினலின் முதல் எழுத்துதான்), பழைய செஷன் பெயர் என்று கொடுத்துத் திறங்கள். விண்டோக்கள் பொதுவாக இருக்கும், எதைப் பார்ப்பது என்பது தனித்தனி.

கேள்வி: ஜெட்எஸ்எச் என்ற இன்னொரு ஷெல்லுக்கான ஓ-மை-ஜெட்எஸ்எச் தொகுப்பில்?

பதில்: இவ்வளவு பாடு வேண்டாம். அதன் டிமக்ஸ் பிளகினில் (கூடுதல் இணைப்பு) ஆட்டோஸ்டார்ட் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை ட்ரூ ஆக்குங்கள். ஓ-மை-ஜெட்எஸ்எச்சை ஏற்றும் வரிக்கு மேலே எழுத வேண்டும்.

கேள்வி: ரீபூட் செய்தால் செஷன் நிற்குமா?

பதில்: நிற்காது. டிமக்ஸ்-ரெசரெக்ட் பிளகின் விண்டோ, பேன் அமைப்பை மீட்டுத் தரும். ஓடிக்கொண்டிருந்த வேலை போனது போனதுதான்.