கை காட்டும் வேலை

அன்புள்ள ஐயா,

பொது நூலகம் ஒன்றில் பெரியவர்கள் பிரிவில் நூலகராக இருக்கிறேன். நூலக அறிவியலில் முதுகலை முடித்தவள். ஆனால் நாள் முழுக்க நான் செய்வது பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பதும், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பதும், வேலை விண்ணப்பத்தை அப்லோட் செய்து தருவதும்தான். ஏசிக்காக வந்து தூங்குகிறவர்கள் வேறு. புத்தகம் பற்றி யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக நூலகத்துக்கு மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தூங்குகிறவர்களை விடுங்கள். குறட்டை விடாதவரை யாருக்கும் நஷ்டமில்லை. பிரிண்டர் பல்கலைக்கழகத்திலும் சிக்கும். என்னை உறுத்தியது ‘புத்தகம் பற்றி யாரும் கேட்பதில்லை’ என்ற வரி. கோபித்துக்கொள்ளாதீர்கள், முதுகலை முடித்தவர் எழுதுகிற வரியா இது?

தனக்கு வேண்டியதை நேராகக் கேட்பவர்கள் குறைவு. கூச்சம், பயம், நூலகரைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம். ‘மருத்துவப் புத்தகமெல்லாம் எங்கே?’ என்பார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பில் மருத்துவத்துக்கான எண் 610 என்று கை காட்டினால் உங்கள் வேலை முடிந்தது. வந்தவர் அந்த நீண்ட அலமாரி முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

வேலையில்லாமல் நூலகத்தில் பொழுதைக் கழித்த காலத்தில் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டதைப் பார்த்தேன். அங்கிருந்த நூலகர் அம்மா எழுந்து அவரோடு அலமாரி வரை நடந்தார். நடந்துகொண்டே, மெதுவான குரலில், “எதைப் பற்றித் தெரிந்தால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்?” ‘எதற்கு’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது விசாரணை ஆகியிருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மருந்துச் சீட்டை எடுத்தார். மனைவிக்குக் கை நடுக்கமாம். அந்த அம்மா 616.8-க்கு நகர்ந்தார், நரம்பு நோய்கள். இரண்டு புத்தகங்களை உருவி, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் வெளியான வருடத்தைப் பார்த்து, ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டார். பழைய மருத்துவப் புத்தகம் ஆபத்து. அப்புறம், “இதில் இருப்பதைக் காட்ட முடியும், மாத்திரை விஷயம் டாக்டர்தான் சொல்லணும்” என்றார். இதைத்தான் உங்கள் படிப்பில் குறிப்புதவிச் சேவை என்று ஒரு தாளாக வைத்திருப்பார்கள். வாசகரோடு பழகி உதவுவது நூலகரின் வேலை என்று அமெரிக்க நூலகர் சாமுவேல் கிரீன் 1876-லேயே எழுதிவிட்டார்.

இந்திய நூலகத் துறையின் முன்னோடி ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே மனிதர், கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அங்கே பொழுது போகாமல் கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார். பல்கலைக்கழக நூலகத்தில்தான், கவனியுங்கள்! இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து, அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் இந்த வேலை அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே அவர் பார்த்தவற்றில் உங்களுடையதைப் போன்ற பொது நூலகங்களும் உண்டு.

நாள் முழுக்க நின்று, எல்லோருக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது எவ்வளவு அலுப்பு என்று தெரியாமல் இல்லை. கால் வலிக்கும். மதியத்துக்கு மேல் குரலே எழும்பாது. சம்பளம் கூடினால் தாராளமாக மாறுங்கள், அதில் தப்பே இல்லை. சரி, அந்த விண்ணப்பம் போட்டவரிடம், நேர்முகத் தேர்வுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டீர்களா? வேலை தேடுவது பற்றிய புத்தகங்கள் 650.14-இல் இருக்கும். நாளைக்கு அவர் வந்தால் கேட்டுப் பாருங்கள்.