ஏஏசி கல் இலேசாக இருந்தும் எப்படிப் பாரம் தாங்குகிறது? நம்ம ஊர் மழைக்குச் சரிவருமா?

மார்த்தாண்டத்தில் மொட்டை மாடியில் அறை எழுப்ப ஏஏசி கல், அதாவது காற்றுத்துளை நிறைந்த இலேசான கான்கிரீட் கல், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் வெளிப்பூச்சில் கஞ்சத்தனம் கூடாது.

சிமெண்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் அல்லது மணல் கலந்த குழம்பில் துளி அலுமினியத் தூள் சேர்ப்பார்கள். சுண்ணாம்புக் காரத்தோடு அது வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிட, கலவை ஆப்பமாவு போலத் துளைதுளையாகப் பொங்கும். பாதி இறுகியதும் கம்பியால் அறுத்து, ஏறத்தாழ 180 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு வேகவைப்பார்கள். உறுதி வருவது இந்த வேக்காட்டில்தான்: சுண்ணாம்பும், மணலிலோ சாம்பலிலோ உள்ள சிலிக்காவும் சேர்ந்து டோபர்மோரைட் என்ற படிகமாகி, துளைச்சுவர்களைக் கெட்டியாக்குகின்றன. 1920களில் சுவீடனில் பிறந்த முறை இது.

கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ. செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு. துளைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். துளை கூடக்கூட வலிமை குறையும், எடை குறைவதைவிட வேகமாகவே. அதனால் பில்லரும் பீமும் பாரம் தாங்கும் கட்டிடத்தில், அவற்றின் நடுவே நிரப்பும் சுவருக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

இனி மழை. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நீர் குடித்த கல்லில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடிக்க, வெப்பத்தடை வெகுவாகக் குறைந்துவிடும். சன்ஷேடு அகலமாக இருக்கட்டும். அப்புறம், மாடியறைச் சூடு பெரும்பாலும் கூரைவழி இறங்குவது. சுவரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். வாஷ்பேசின், கீசர் மாட்ட திருகு மாட்டச் சுவரில் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, இதற்கென்று வரும் ஆங்கர் வாங்குங்கள்.