கேள்விக்குள் இருக்கும் ‘முதலில்’

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக் கவுன்சலர் வேலையைப் பற்றி நீங்கள் எழுதுவதை நான்கு வருடமாகப் படித்து வருகிறேன். ஊரில் எட்டு வருடம் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். அமெரிக்கா வந்தபிறகு பள்ளிக் கவுன்சலிங்கில் முதுகலை முடித்தேன். 100 மணி நேரம் பிராக்டிகம் (மேற்பார்வையில் செய்யும் முதல் கட்டப் பயிற்சி), 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப் எல்லாம் ஆயிற்று. எங்கள் மாநிலத்தில் சான்றிதழ் வாங்க பிராக்சிஸ் தேர்வு எழுத வேண்டும். போன மாதம் எழுதினேன், 4 மதிப்பெண்ணில் போய்விட்டது.

முந்நூறு ஃபிளாஷ் கார்டு எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மனித வளர்ச்சிக்கு எரிக்சன் சொன்ன எட்டுக் கட்டங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் "மாணவர் இப்படிச் சொல்கிறார், கவுன்சலர் முதலில் என்ன செய்ய வேண்டும்" என்கிற மாதிரி கேள்வி வந்தால் இரண்டு விடை சரியாகத் தெரிகிறது. நான் எடுப்பது தப்பாகிறது. என் ஆங்கிலம்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. வேறு எந்தப் புத்தகம் படிக்கலாம்? பெயர் வெளியிட வேண்டாம்.

வி.

*

அன்புள்ள வி.,

நாலு மதிப்பெண்ணில் போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் எங்கே இடறுகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு விடை சரியாகத் தெரிகிறது. அதை இன்னொரு புத்தகம் தீர்க்காது. உங்கள் ஆங்கிலத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். எட்டு வருடம் வகுப்பறையில் நின்ற ஆசிரியை ஒருவர் உங்களுக்குள் இருக்கிறார். தேர்வறையில் அவர்தான் முந்திக்கொண்டு விடை எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நானே ஒரு கேள்வி போடுகிறேன். ஏழாம் வகுப்புப் பையன். மற்ற வகுப்புகளுக்கெல்லாம் வருகிறான், கணக்கு வகுப்புக்கு மட்டும் இரண்டு வாரமாக வருவதில்லை. ஆசிரியர் அவனை உங்களிடம் அனுப்புகிறார். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது எது? பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வது, கணக்கு ஏன் முக்கியம் என்று அவனுக்குப் புரியவைப்பது, துணை பிரின்சிபலுக்குத் தெரிவிப்பது, அந்த வகுப்பு அவனுக்கு எப்படி இருக்கிறது என்று அவனிடமே கேட்பது. நான்குமே நல்ல மனிதர்கள் செய்கிற காரியங்கள்தான். ஆசிரியை இரண்டாவதை எடுப்பார். அம்மா முதலாவதை எடுப்பார். கவுன்சலர் நான்காவதிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டு முடிக்கும்வரை மற்ற மூன்றும் தேவையா என்பதே அவருக்குத் தெரியாது. தண்டனை கொடுப்பது அவர் வேலையே இல்லை. ‘முதலில்’ என்ற ஒரு சொல்தான் இந்தக் கேள்வியில் உங்களிடம் சோதிக்கப்படுகிறது.

தமிழில் இந்த வேலைக்கு ‘ஆலோசகர்’ என்றும் சொல்கிறார்கள், ‘ஆற்றுப்படுத்துநர்’ என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆறு என்றால் வழி. சங்கப் பாட்டில் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே வறுமையோடு வருகிற பாணனை ஆற்றுப்படுத்துகிறான். வந்தவன் எந்த நிலையில் வந்து நிற்கிறான் என்பது அவன் கண்ணில் படுகிறது. பிறகு போகவேண்டிய பாதையையும் வழியில் என்னென்ன இருக்கும் என்பதையும் சொல்கிறான். நடக்கப்போவது வந்தவன். ஆலோசகர் என்ற சொல்லோ, ‘நீ இதைச் செய்’ என்று சொல்லும் ஆளாக நம்மை ஆக்கிவிடுகிறது. அடுத்த முறை இரண்டு விடை சரியாகத் தெரிந்தால், எது ஆலோசனை, எது ஆற்றுப்படுத்தல் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிரிந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. இன்டர்ன்ஷிப் காலத்தில் ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். பன்னிரண்டு வயது. விரல் தெரியாதபடி ஸ்வெட்டர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் சொல்வேன்" என்றாள். நான் உடனே "சொல்ல மாட்டேன்மா" என்றேன். அன்பினால்தான் சொன்னேன். அவள் சொன்னதோ, அன்று மதியமே நான் போன் எடுத்து அரசின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டிய விஷயம். சொன்னேன், சட்டப்படி வேறு வழியில்லை. அதை அவளிடம் தெரிவித்தபோது அவள் அழவில்லை. கையிலிருந்த டிஷ்யூவை நான்காக மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த வருடம் முழுக்க என் அறைப் பக்கம் அவள் வரவே இல்லை.

அதற்குப்பின் எந்தக் குழந்தை வந்து உட்கார்ந்தாலும் நான் பேசும் முதல் வாக்கியம் இதுதான்: "நீ சொல்வது நமக்குள் இருக்கும். உனக்கு ஆபத்து, உன்னால் இன்னொருவருக்கு ஆபத்து, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள், இந்த மூன்றில் ஒன்று என்றால் மட்டும் நான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்." குழந்தை வாய் திறக்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். தேர்வில் ரகசியம் காப்பதன் எல்லையை விளக்குவது என்று ஒரு விடை இருந்து, மாணவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றால், அந்த விடை மேல் கண் போக வேண்டும். மாணவர் சொல்லி முடித்துவிட்டார் என்று கேள்வியில் இருந்தால் வரிசை மாறிவிடும்.

குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை பற்றிய கேள்விகளில் இன்னொரு பொறி உண்டு. நியாயமான சந்தேகம் இருந்தாலே புகார் செய்ய வேண்டும், நிரூபணம் தேவையில்லை. விசாரிப்பது நம் வேலை அல்ல. ‘மேலும் விவரம் சேகரித்து உறுதிசெய்த பின்’ என்று தொடங்கும் விடை பொறுப்பானதாகத் தெரியும், ஆனால் தவறு. பிரின்சிபலிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்பதும் பல மாநிலங்களில் செல்லாது. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியில் மாணவரைத் தனியே விட்டுப் போகும் எந்த விடையும் சரியாக இருக்க முடியாது. பெற்றோருக்கு போன் செய்யப் போகிறேன் என்று அவரை அறையில் உட்காரவைத்துவிட்டு வெளியே போவதும் அதில் சேரும்.

கவுன்சலர் யார் என்பது மனதில் பதிந்துவிட்டால் நிர்வாகம் பற்றிய கேள்விகளும் எளிதாகும். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் 250 மாணவருக்கு ஒரு கவுன்சலர் இருக்க வேண்டும் என்கிறது. வேலை நேரத்தில் 80 சதவீதமாவது மாணவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ போக வேண்டும் என்கிறது. வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பெடுப்பதும், ஒழுங்கு மீறியவருக்குத் தண்டனை விதிப்பதும் நமக்கு உரிய பணிகள் அல்ல என்று பட்டியலே வைத்திருக்கிறது. பல ஆண்டு நீண்ட சிகிச்சையும் நம்முடையது அல்ல. வெளியே தகுந்தவரிடம் அனுப்பிவிட்டு, பள்ளிக்குள் அந்தக் குழந்தைக்குத் துணையாக இருக்கிறோம். நம் ஊர்ப் பள்ளிகளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதுதான் நல்ல ஆசிரியருக்கு அடையாளம் என்று வளர்ந்திருப்போம். இந்த இடத்தில் அதை விட்டுவிடுங்கள்.

தரவு பற்றிய கேள்விகள் வேதியியல் படித்த உங்களுக்குப் பிடித்தமானவையாக ஆகும். கேலி செய்வதைத் தடுக்க ஆறு வகுப்பு எடுத்தீர்கள், 90 பேர் வந்தார்கள் என்பது பங்கேற்புக் கணக்கு. யாரிடம் உதவி கேட்பது என்று இப்போது தெரியும் என அவர்கள் எழுதினால், அது மனப்பாங்கில் வந்த மாற்றம். ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்படும் மாணவர் எண்ணிக்கை குறைந்தால்தான் விளைவு. ‘திட்டம் பலன் தந்ததற்குச் சிறந்த சான்று எது’ என்று கேட்டால் மூன்றாவதைத் தேடுங்கள்.

இனி அந்த முந்நூறு அட்டைகள். தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கணக்கு வகுப்புப் பையனை, அட்டைகளில் இருக்கும் உளவியல் அறிஞர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார வையுங்கள். ரோஜர்ஸ் என்ன சொல்வார்? "அந்த அறைக்குள் போவதே உனக்குப் பாரமாக இருக்கிறது" என்பார், அவ்வளவுதான், தீர்ப்பு சொல்ல மாட்டார். எல்லிஸ் அவன் நம்பிக்கையைப் பிடிப்பார்: "கணக்கில் தோற்றால் நீ உதவாதவன் என்று யார் சொன்னது?" கிளாசர், "உனக்கு என்ன வேண்டும், அதற்கு இப்போது என்ன செய்கிறாய், அது பலன் தருகிறதா?" என்று கேட்பார். ஆட்லர் அந்த வகுப்பில் அவனுக்கு இடம் இருப்பதாக அவன் உணர்கிறானா என்று பார்ப்பார். தீர்வை நோக்கிய முறையைக் கட்டியெழுப்பிய ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும், "போய் உட்கார முடிந்த நாள் ஒன்று இருந்திருக்குமே, அன்று என்ன வேறாக இருந்தது?" என்பார்கள். இப்போது எந்த நிலையில் இருக்கிறாய், பத்துக்கு எத்தனை போடுவாய் என்றும் கேட்பார்கள். ஒரு தாளில் ஒரே குழந்தை, ஐந்து குரல். தேர்வில் பெரும்பாலும் பேச்சைக் கொடுத்துவிட்டு, இது எந்த முறை என்று கேட்பார்கள். எழுதிப் பார்த்தவருக்குக் குரல் காதில் கேட்கும்.

தொழில் வழிகாட்டலுக்கும் இதே வழிதான். 1908-இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டும் அலுவலகம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் மூன்றே விஷயம் சொன்னார்: உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார். ஆளுமையையும் வேலையையும் ஹாலண்ட் பிரித்த ஆறு வகையும், தொழில் வளர்ச்சிக்கு சூப்பர் சொன்ன வாழ்க்கைக் கட்டங்களும் அதன்மேல் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால் குழம்பாது.

அளவீட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில் சறுக்குகிறார்கள். பர்சன்டைல் என்பது மதிப்பெண் அல்ல. 60-வது பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு அறுபது என்று நம் காது கேட்டுப் பழகிவிட்டது. ஒப்பிட்ட குழுவில் 60 சதவீதம் பேரைவிட மேலே நிற்கிறது அந்தக் குழந்தை, அவ்வளவுதான் பொருள். டி ஸ்கோர் என்ற அளவுகோலில் சராசரி 50, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 10. ஆக டி ஸ்கோர் 60 ஏறத்தாழ 84-வது பர்சன்டைல். ஒரு மணிவளைவை வரைந்து இந்த எண்களை அதன்கீழ் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டங்களைப் பெயரோடு சேர்த்து அவை எதற்கு என்று தெரிந்தால் போதும். 1974-இன் ஃபெர்பா (FERPA) மாணவர் பதிவேட்டின் ரகசியத்தைப் பற்றியது. உடல், மனக் குறைபாடு உள்ள மாணவருக்குப் பாகுபாடு இல்லாமல் வசதி செய்து தரச் சொல்வது 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. சிறப்புக் கல்வியும், அதற்காக ஒவ்வொரு மாணவருக்கும் எழுதும் தனித் திட்டமும் ஐடியா (IDEA) சட்டத்தில் வரும்.

கடைசியாக உங்கள் ஆங்கில பயம். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் முன்கூட்டி விண்ணப்பித்தால் பிராக்சிஸில் ஒன்றரை மடங்கு நேரம் தருகிறார்கள். 120 கேள்விக்கு 2 மணி நேரம் என்பது உங்களுக்கு 3 மணி நேரமாகும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. கேளுங்கள். தேதி குறிப்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பதால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள்.

மதிப்பெண் தாளில் எந்தப் பகுதியில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அதையும் தேர்வு நடத்துகிறவர்களே இலவசமாகத் தரும் பாடத்திட்டக் கையேட்டையும் அருகருகே வையுங்கள். எது குறைந்ததோ அந்தப் பகுதியிலிருந்து தினம் பத்துக் கேள்வி. சரியான விடை எது என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் எடுத்த தவறான விடையை எடுக்கச் சொன்னது யார், ஆசிரியையா, அம்மாவா என்று ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார்.

அந்தக் கணக்கு வகுப்புப் பையனோடு ஐந்து குரல் எழுதிய தாளை எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் சரி. படித்துவிட்டு நானே போனில் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா