ஈஸ்டுக்கு எந்த மருந்து கேட்கும்? ஆய்வகக் கேள்வி பதில்

கேள்வி: பாக்டீரியாவுக்குப் போடும் முல்லர்-ஹிண்டன் அகர் என்ற வளர்ப்பு ஊடகத்திலேயே கேண்டிடா ஈஸ்டுக்கும் மருந்து டிஸ்க் போடலாமா மேடம்?

பதில்: அப்படியே போட்டால் சரிவராது. 2 சதவீதம் குளுக்கோஸும், மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் மெத்திலீன் நீலமும் சேருங்கள். குளுக்கோஸ் இருந்தால் ஈஸ்ட் நன்றாக வளரும்; நீலம், டிஸ்கைச் சுற்றி ஈஸ்ட் வளராத வட்டத்தின் விளிம்பைத் தெளிவாக்கும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் டிஸ்க் 25 மைக்ரோகிராம், 35 டிகிரி, 20 முதல் 24 மணி நேரம்.

கேள்வி: மைக்ரோடைல்யூஷனில் (மருந்தைப் படிப்படியாக நீர்த்து, சிறு குழிகளில் ஈஸ்டை வளர்த்துப் பார்க்கும் முறை) எந்த ஃப்ளூகோனசோல் குழியும் முழுதாகத் தெளியவில்லை. கேண்டிடா அல்பிகன்ஸ்தான். 24 மணியில் எம்.ஐ.சி (வளர்ச்சியை அடக்கும் குறைந்தபட்ச மருந்து அளவு, மில்லிக்கு மைக்ரோகிராமில்) 0.5 என்று தோன்றியது, 48 மணியில் 64-ஐத் தாண்டிவிட்டது. எதிர்ப்பு என்று எழுதிவிடவா?

பதில்: எழுதாதீர்கள்! இதை டிரெய்லிங் என்போம். அல்பிகன்ஸ், டிராபிகாலிஸ் ஆகிய இரண்டு கேண்டிடா இனங்களிலும் அடிக்கடி வரும். ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் இந்த ஈஸ்ட்களைக் கொல்வதைவிட வளரவிடாமல் அடக்கி வைப்பவை. அதனால் எல்லாக் குழியிலும் கொஞ்சம் கலங்கல் மிஞ்சும். நேரம் போகப் போக அது கூடும். மருந்தில்லாக் குழியோடு ஒப்பிட்டு, வளர்ச்சி பாதியாகக் குறைந்த முதல் குழியை 24 மணியில் குறித்துக்கொள்ளுங்கள். எலிகளில் சோதித்தபோது இப்படிப்பட்ட ஈஸ்ட்கள் ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்பட்டன. 48 மணி எண்ணை நம்பி ரிப்போர்ட் கொடுத்தால் நல்ல மருந்தை வீணாக நிறுத்திவிடுவார்கள். ஆம்போடெரிசின் பி என்ற மற்றொரு பூஞ்சை மருந்துக்கு மட்டும் இந்தப் பாதிக் கணக்கு கிடையாது. அங்கே குழி முழுதாகத் தெளிந்தாக வேண்டும்.

கேள்வி: நான் படித்த ஐரோப்பிய முறையில் வளர்ச்சி 90 சதவீதம் குறைய வேண்டும் என்றல்லவா இருந்தது?

பதில்: ஆம்போடெரிசினுக்கு அங்கே அப்படித்தான். நான் மேலே சொன்னது அமெரிக்கத் தரநிலை அமைப்பான சி.எல்.எஸ்.ஐ-யின் முறை. ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்டின் முறையில், ஆர்.பி.எம்.ஐ என்ற திரவ ஊடகத்தில் குளுக்கோஸ் 0.2-க்குப் பதில் 2 சதவீதம். ஈஸ்ட் செல்கள் நூறு மடங்கு அதிகம். அளப்பதும் கண்ணால் இல்லை, கருவியால். எதில் செய்தாலும் சரி, ஒன்றில் செய்துவிட்டு மற்றதன் எம்.ஐ.சி வரம்பு அட்டவணையைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அல்பிகன்ஸிலும் கிளாப்ரேட்டா என்ற இன்னொரு கேண்டிடா இனத்திலும் ஃப்ளூகோனசோல் எம்.ஐ.சி 8. ஒரே ரிப்போர்ட்தானே?

பதில்: இல்லை. சி.எல்.எஸ்.ஐ-படி அல்பிகன்ஸுக்கு 8 என்றால் எதிர்ப்பு. கிளாப்ரேட்டாவுக்கு அதே 8, 'டோஸைக் கூட்டினால் கேட்கும்' என்ற வகை. அங்கே எதிர்ப்பு 64-இல்தான் தொடங்கும். கேண்டிடா குரூசி என்றால் ஃப்ளூகோனசோல் போட்டுப் பார்க்கவே வேண்டாம், இயல்பிலேயே எதிர்ப்பு. இனத்தை உறுதிப்படுத்தாமல் எம்.ஐ.சி-யை மட்டும் டாக்டருக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: தானியங்கிக் கருவியில் கேண்டிடா ஆரிஸ் ஆம்போடெரிசினுக்கு எதிர்ப்பு என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: உடனே நம்ப வேண்டாம். விட்டெக் 2 கருவி ஆரிஸுக்கு ஆம்போடெரிசின் எம்.ஐ.சி-யைக் கூட்டிக் காட்டியது பதிவாகியிருக்கிறது. மைக்ரோடைல்யூஷனிலோ, இ-டெஸ்ட் என்ற மருந்துப் பட்டையிலோ இன்னொரு முறை பாருங்கள். கூடவே எம்.ஐ.சி வரம்பு ஏற்கெனவே தெரிந்த பாராப்சிலோசிஸ் 22019, குரூசி 6258 (இவை சேகரிப்பு எண்கள்) இரண்டையும் கன்ட்ரோலாக ஓட்டுங்கள். அவை வரம்புக்குள் வராவிட்டால் அன்றைய ரிப்போர்ட்டை நிறுத்தி வையுங்கள்.