மே வெஸ்ட் உண்மையிலேயே நாடகம் எழுதியதற்காகச் சிறை சென்றாரா?

சென்றார், அதை விளம்பரமாகவும் மாற்றிக்கொண்டார். 1893-இல் புரூக்ளினில் பிறந்த அமெரிக்க நடிகை மே வெஸ்ட், ‘செக்ஸ்’ என்ற நாடகத்தைத் தாமே எழுதி 1926-இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் நடித்தார். மறு ஆண்டு போலீஸ் கைதுசெய்தது. ஒழுக்கக்கேடு என்று 10 நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. நன்னடத்தைக்காக (இவருக்கா!) 8 நாளில் விட்டுவிட்டார்கள்.

ஹாலிவுட்டுக்குப் போனதே நாற்பதை நெருங்கும் வயதில்தான். 1933-இல் வந்த படங்கள் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பணத்தைக் கொட்டின. 1934-இல் தணிக்கை இறுகியது. வசனத்தை வெட்டலாம், அவர் இழுத்துப் பேசும் குரலை எப்படி வெட்டுவது? 1937-இல் வானொலியில் ஏவாளாகப் பேசியதும் கண்டனம் குவிந்தது. என்பிசி வானொலி நிறுவனம் பல ஆண்டுகள் அவரை அழைக்கவில்லை. என் கணிப்பில் அவருடைய அசல் பலம் எழுத்து. கவர்ச்சி அதற்குப் போட்ட வேடம். இரண்டாம் உலகப்போர் விமானிகள் காற்றடைத்த உயிர்காப்பு அங்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். காரணம் உங்கள் ஊகத்துக்கு.