ஸ்நாக்ஸ் பற்றிக் கேட்டால் பஜ்ஜி என்றே சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். அதில் ஸ்பீக்கிங்கில், அதாவது பேச்சுத் தேர்வில், 9-க்கு 7 வேண்டும். மாதிரித் தேர்வில் 'உங்களுக்கு என்ன ஸ்நாக்ஸ் பிடிக்கும்?' என்று கேட்டார்கள். கோச்சிங்கில் மனப்பாடம் செய்யச் சொன்னபடி பழம், பாதாம் என்று சொன்னேன். 'பாதாமை எப்போது சாப்பிடுவீர்கள், யாரோடு?' என்று அடுத்த கேள்வி வந்ததும் வாயடைத்துப் போய்விட்டேன். நான் உண்மையில் சாப்பிடுவது டீக்கடை பஜ்ஜியும் பீச் பக்கம் கிடைக்கும் பர்மா நூடுல்ஸ் அத்தோவும்தான். இதையெல்லாம் வெளிநாட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? நர்ஸாக இருந்துகொண்டு எண்ணெய்ப் பண்டம் சாப்பிடுகிறேன் என்றால் மார்க் குறையுமா?

பதில்: குறையாது. தேர்வாளர் கையில் இருக்கும் மதிப்பீட்டில் நான்கே விஷயங்கள்தான்: தடையில்லாமல் தொடர்ச்சியாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. நீங்கள் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா, கெட்டதா என்று டிக் அடிக்க அங்கே இடமே கிடையாது. சொல்வது உண்மையா என்றும் யாரும் சோதிக்கப் போவதில்லை. அப்படியென்றால் பாதாம் என்றே சொல்லிவிடலாமே என்று தோன்றும். அதில் உள்ள சிக்கலை நீங்களே பார்த்துவிட்டீர்கள். சாப்பிடாத பாதாமைப் பற்றி இரண்டாவது வாக்கியம் வராது.

பஜ்ஜிக்கு அந்தக் கஷ்டமில்லை. டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறீர்கள். கடாயிலிருந்து அரிகரண்டியில் அள்ளித் தட்டில் கொட்டும்போதே வாசம் இழுக்கிறது. பழைய பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டு, சூடு தாங்காமல் ஊதி ஊதித் தின்கிறீர்கள். வாழைக்காயா, வெங்காயமா, மிளகாயா? கூட வந்த தோழி காசு கொடுத்தாளா, நீங்களா? இப்படிக் கேட்கக் கேட்க உங்களிடம் விஷயம் இருக்கிறது. விஷயம் இருந்தால் தயங்காமல் பேச்சு வரும். சரளத்துக்கான மார்க்கில் பாதி அங்கேயே வந்துவிடும்.

முதலில் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதி 4–5 நிமிடம். வீடு, வேலை, சாப்பாடு, பொழுதுபோக்கு என்று சொந்த விஷயங்கள். ஸ்நாக்ஸ் கேள்விகள் வருவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டாம் பகுதியில் ஒரு கார்டைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் உங்களைப் பேசச் சொல்வார்கள். மூன்றாவது, அதே தலைப்பை ஒட்டிய பொதுவான விவாதம். முதல் பகுதியில் ஒரு கேள்விக்கு இரண்டு, மூன்று வாக்கியம் போதும். ஒற்றை வார்த்தையில் முடித்தாலும் தப்பு, கதாகாலட்சேபம் நடத்தினாலும் தப்பு. தேர்வாளர் நடுவில் நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போனால் பதறாதீர்கள்; அவர்களுக்கு நேரக் கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பஜ்ஜிக்கு வருவோம். உங்கள் பதில் இப்படி இருக்கலாம்: "ஆன் மோஸ்ட் டேஸ் ஐ ஹாவ் பஜ்ஜி வித் மை டீ. தே ஆர் ஸ்லைஸஸ் ஆஃப் ரா பனானா, டிப்டு இன் பேட்டர் அண்ட் டீப்-ஃப்ரைடு. ஐ டெல் மை டயபெடிக் பேஷன்ட்ஸ் டு அவாய்ட் ஃப்ரைடு ஸ்நாக்ஸ், அண்ட் தென் ஐ கோ அவுட் அண்ட் ஈட் தெம் மைசெல்ஃப்!" கடைசி வாக்கியத்துக்குத் தேர்வாளர் சிரிப்பார். சிரிப்புக்கு மார்க் இல்லை. ஆனால் உங்கள் பதற்றம் போய்விடும். நர்ஸாக இருந்துகொண்டு இதைச் சாப்பிடுகிறேனே என்று கூச்சப்பட்டீர்களே, அந்தக் கூச்சமே உங்களுக்கு ஒரு நல்ல வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறது பாருங்கள். இதையும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஒப்பிப்பது குரலிலேயே தெரிந்துவிடும். தேர்வாளர்கள் இதே வேலையாக இருப்பவர்கள். உடனே கேள்வியைத் திருப்பிவிடுவார்கள்.

அத்தோவை எப்படிச் சொல்வது? பஜ்ஜி, அத்தோ, சுண்டல் போன்ற பெயர்களை அப்படியே தமிழில் சொல்லலாம், குற்றமில்லை. பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால்தான் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. பெயர், அது எந்த வகைப் பண்டம், அதில் என்ன இருக்கிறது என்று மூன்றும் ஒரே மூச்சில் வரட்டும்: "அத்தோ இஸ் எ பர்மீஸ் நூடுல் சாலட், மிக்ஸ்டு பை ஹேண்ட் வித் கேபேஜ், ஃப்ரைடு ஆனியன் அண்ட் டாமரிண்ட்." அதற்கு மேல் வேண்டுமென்றால் கண்ணால் பார்த்ததைச் சேருங்கள். பர்மா பஜார் பக்கத்து வண்டிக்காரர் மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பூண்டு எண்ணெய் விட்டு, மொறுமொறு பேஜோ வறுவலை நொறுக்கிப் போடுவார். கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். பிசைவது, நொறுக்குவது, தூவுவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினைச்சொல் உண்டு: மிக்ஸ், க்ரஷ், ஸ்பிரிங்கிள். சொல்வளத்துக்கான மார்க் இந்த மாதிரிச் சாதாரண, பொருத்தமான சொற்களுக்குத்தான் கிடைக்கும். 'டெலெக்டபிள்', 'ஸ்க்ரம்ப்ஷஸ்' என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்களே, அதை டீக்கடை வடைக்கு ஒட்டவைத்தால் கேட்க வேடிக்கையாக இருக்கும். 'ஐ ஸ்நாக் ஆன் பீநட்ஸ்', 'இட் ஸ்பாயில்ஸ் மை டின்னர்' போன்ற, ஆங்கிலேயர் தினமும் பேசும் சேர்க்கைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பலன் அதில்தான்.

இந்தத் தலைப்பில் நம்மவர்களை அதிகம் கவிழ்ப்பது இலக்கணம், அதிலும் ஒரே ஒரு இடம். தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வினையைத்தான் பயன்படுத்துகிறோம்: 'தினமும் சாயங்காலம் வடை சாப்பிடுவேன்.' அது அப்படியே ஆங்கிலத்துக்குப் போய் 'ஐ வில் ஈட் வடை எவ்ரி ஈவினிங்' ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு, இனிமேல் சாப்பிடப் போவதாக அர்த்தமாகும். வழக்கத்துக்கு 'ஐ ஈட்', 'ஐ யூஷுவலி ஹாவ்' போதும். 'ஐ ஆம் ஈட்டிங் டெய்லி' என்பதும் வேண்டாம்.

சின்ன வயதுக் கேள்வியில் இதே தவறு இரண்டு மடங்காகும். 'சிறு வயதில் ஸ்நாக்ஸ் சாப்பிடுவீர்களா?' என்பது அடிக்கடி வருகிற கேள்வி. 'ஸ்கூல் வாசல்ல மாங்கா பத்தை வாங்குவோம்' என்று மனதில் ஓடும். வாயில் 'வீ வில் பை' என்று வந்துவிடும். அங்கே வேண்டியது 'யூஸ்டு டு', அல்லது 'வுட்': "வீ யூஸ்டு டு பை ரா மேங்கோ வித் சில்லி பவுடர் அவுட்சைடு த ஸ்கூல் கேட். மை ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஐ வுட் ஷேர் ஒன் பேக்கட், அண்ட் வீ ஆல்வேஸ் ஃபாட் ஓவர் த லாஸ்ட் பீஸ்." மாங்காய், இலந்தை வடை, தேன் மிட்டாய், எது உங்கள் பள்ளி வாசலில் இருந்ததோ அதைச் சொல்லுங்கள். 7 வாங்க வேண்டியவர் பழைய வழக்கத்தையும் இன்றைய வழக்கத்தையும் காலம் பிசகாமல் ஒப்பிட்டுக் காட்டினால், இலக்கணத்துக்கான மார்க் நன்றாக ஏறும். நூறு ஆடம்பரச் சொல்லைவிட இந்த ஒன்றைத் திருத்துவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

நம்மூர் ஆங்கிலத்தில் சில சொற்கள் இங்கிலாந்தில் வேறு பொருள் தரும். நாம் சாப்பிடப் போகும் 'ஹோட்டல்' அவர்களுக்குத் தங்கும் இடம். ரெஸ்டாரன்ட் என்றோ, டீக்கடையென்றால் 'ரோட்சைடு டீ ஸ்டால்' என்றோ சொல்லுங்கள். பாக்கெட்டில் வரும் சிப்ஸ் இங்கிலாந்தில் 'க்ரிஸ்ப்ஸ்'. அங்கே 'சிப்ஸ்' என்றால் மீனோடு தரும் சூடான உருளைக்கிழங்கு வறுவல். 'மிக்ஸர்' என்றால் சமையலறை மெஷின்தான் நினைவுக்கு வரும், அதனால் ஒரு வரி விளக்கம் சேருங்கள். 'ஜங்க் ஃபுட்ஸ்' வேண்டாம், 'ஜங்க் ஃபுட்' போதும்.

உச்சரிப்பில் இரண்டே விஷயம். 'ஸ்நாக்ஸ்' என்பதில் உயிரொலியை 'கேட்' (பூனை) மாதிரி குறுக்கி, வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டும். 'ஸ்நேக்ஸ்' என்று நீட்டினால் மாலையில் டீயோடு பாம்பு சாப்பிடுவதாக ஆகிவிடும். அடுத்தது எஃப் ஒலி. காசிமேட்டு மீன் வறுவலைப் பற்றிப் பேசும்போது 'பிஷ் ப்ரை' என்று வராமல், மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வரட்டும். தமிழ்ச் சாயல் இருப்பதால் மட்டும் மார்க் போகாது. சொல்வது சிரமமில்லாமல் புரிய வேண்டும், அவ்வளவே.

ஒருவேளை மூன்றாம் பகுதியில் 'உங்கள் ஊரில் உணவுப் பழக்கம் எப்படி மாறியிருக்கிறது?' என்று கேட்டால், வடசென்னைக்காரருக்கு அது வரம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களோடு அத்தோவும், மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும் சென்னைக்கு வந்தன. இன்று வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர்ப் பண்டம். மக்கள் இடம் பெயரும்போது சாப்பாடும் கூடவே போகிறது என்று ஒரு கருத்து, அதற்கு அத்தோ உதாரணம். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் நம் முறுக்கை வைத்தே சாண்ட்விச் செய்து விற்பதையும் சேர்த்துக்கொண்டால் பதில் இன்னும் நிறையும். இப்படிப் பேச கூகுளில் தேட வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்ததுதான்.

கேள்வி புரியவில்லை என்றால் 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்று தாராளமாகக் கேளுங்கள். ஒரு தடவை கேட்பதால் மார்க் குறைந்துவிடாது. புரியாமல் வேறு எதையோ பேசுவதுதான் சங்கடம்.

இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங் மூன்றிலும் 7 கேட்கிறது, ரைட்டிங்கில் 6.5 போதும். 7 என்பது எட்டாத உயரமில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்குக் குறைவது ஆங்கிலம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சிக்குச் செலவு வேண்டாம். போனில் ரெக்கார்டரைப் போட்டு ஒரு நிமிடம் உங்கள் சாயங்காலத்தைப் பற்றிப் பேசுங்கள். திரும்பக் கேட்கும்போது 'வில்' எத்தனை தடவை வந்தது என்று மட்டும் எண்ணுங்கள். அப்புறம், வார்டில் கேரளத்துக்காரரோ வடகிழக்கு மாநிலத்தவரோ யாராவது இருந்தால், இடைவேளையில் அவரிடம் அத்தோவை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள். முகத்தைச் சுளித்து 'வாட் இஸ் தட்?' என்று அவர் எந்த இடத்தில் கேட்கிறாரோ, அங்கேதான் உங்கள் பதிலில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்.